திருமங்கலம் குடியிருப்புப் பூங்கா: நடப்பவர்கள் கூடினார்கள், எதனால் என்று எப்படிச் சொல்வது?

சென்னை திருமங்கலம் ஆசியாட் காலனியில், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்கிறோம் என்று முதல் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 14.2 சதவீதம். குடியிருப்புவாசிகள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கேள்விக்கு 58.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நடைப்பயிற்சியை மட்டும் பார்த்தால் 13.8 சதவீதம் 52.1 ஆகியிருந்தது. 2006இல் வெளியான இந்தக் கணக்கு, சமூகமே முன்னின்று நடத்தும் உடலியக்கத் திட்டத்துக்குச் சான்றாக இன்றுவரை எடுத்துக் காட்டப்படுகிறது.

அந்தப் பூங்கா பலன் தந்தது என்றுதான் நாமும் நம்புகிறோம். ஆனால் நம்புவது வேறு, இந்த இரண்டு எண்களை வைத்து நிறுவுவது வேறு. ஒரு வார்டில் பூங்கா திறந்துவிட்டு "தினமும் இத்தனை பேர் வருகிறார்கள்" என்று அறிக்கை எழுதும் எவரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் திருமங்கலத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன

நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வுதான் இதன் வேர். நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் திருமங்கலம் குடியிருப்பு ஒன்று, குறைந்த வருமானக்காரர்கள் வாழும் தியாகராய நகர்ப் பகுதி ஒன்று. இரண்டிலும் 20 வயதைக் கடந்த 1,399 பேரில் 1,262 பேர் பங்கேற்றார்கள். பத்துக்கு ஒன்பது பேர் ஒத்துழைப்பது நகரத்தில் அபூர்வம். நடுத்தர வருமானக் குடியிருப்பில் நீரிழிவு 12.4 சதவீதம், மற்றதில் 6.5 என்று தெரிந்தது. உடல் உழைப்பு குறைவாக இருந்த முதல் குடியிருப்பில் முடிவுகளைச் சொல்லி விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருப்புவாசிகள் பூங்காவில் இறங்கினார்கள்.

இந்த வரிசை முக்கியம். பூங்காவுக்கு முன்பே இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டது. மருத்துவர்கள் நேரில் வந்து பேசிவிட்டார்கள். குடியிருப்புவாசிகள் பணமும் திரட்டிவிட்டார்கள். நடப்பவர்கள் கூடியதற்கு இவை எல்லாம் சேர்ந்துதான் காரணம். இதைப் பார்த்து இன்னொரு ஊரில் பேவர் பிளாக் பாதையும் நான்கு சிமென்ட் பெஞ்சும் மட்டும் போட்டால், திட்டத்தின் மிகச் செலவான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டதாக ஆகும். எந்த மதிப்பீடும் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்: திட்டம் என்ற பெயரில் உண்மையில் என்னென்ன நடந்தது, எந்த மாதம், யாரால், எத்தனை முறை.

44.5 புள்ளி உயர்வை எப்படிப் படிப்பது

14.2க்கும் 58.7க்கும் இடையே 44.5 சதவீதப் புள்ளிகள். இவ்வளவு பெரிய உயர்வு தற்செயலாக வராது. ஆனால் தற்செயல் ஒன்றுதான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. "வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல்" என்பதில் நிமிடமும் இல்லை, வேகமும் இல்லை. பத்து நிமிடம் உலாவி வந்தவரும் முக்கால் மணி நேரம் வேர்க்க நடந்தவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம். 58.7 சதவீதத்தில் எத்தனை பேர் அதை எட்டினார்கள் என்பதை இந்தக் கேள்வியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது, யார் கேட்கிறார்கள் என்பது. "நடங்கள்" என்று பல ஆண்டுகள் சொல்லி வந்த குழுவே வந்து "நடக்கிறீர்களா?" என்று கேட்டால், இரண்டு நாள் நடப்பவர் நான்கு நாள் என்பார். இதைப் பொய் என்று சொல்ல முடியாது, மரியாதைக்காகச் சொல்லும் பதில். திட்டத்தோடு தொடர்பில்லாத ஆட்களைக் கேட்கச் சொல்வதும், பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினருக்காவது அடி எண்ணும் கருவி கட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மூன்றாவது, காலம். அந்த இடைவெளியில் காலை நடை என்ற பழக்கம் நகரம் முழுக்கவே கூடியிருக்கலாம். பூங்கா இல்லாத, இதே வருமானமுள்ள இன்னொரு குடியிருப்பை அதே ஆண்டுகளில் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். தியாகராய நகர்ப் பகுதி இதற்கு உதவாது. கூலி வேலைக்குப் போகிறவரின் உடலியக்கம் வேலையில் இருக்கிறது. அவர் பூங்காவில் நடக்கிறாரா என்ற ஒப்பீடு பொருந்தாது.

எல்லாவற்றையும்விடக் கனமான சிக்கல், இந்தப் பூங்காவை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை என்பதுதான். நடக்க விரும்பியவர்களே கட்டினார்கள். தங்கள் பணத்தைப் போட்டுப் பூங்கா கட்டும் அளவுக்கு உறுதி வந்துவிட்ட ஊரில், பூங்கா இல்லாமலும் தெருவிலோ மொட்டை மாடியிலோ பலர் நடக்கத் தொடங்கியிருப்பார்கள். சமூகத்தின் முனைப்புதான் இந்தத் திட்டத்தின் பெருமை. மதிப்பீட்டாளருக்கு அவிழ்க்க முடியாத முடிச்சும் அதுவே.

பத்தாண்டுக் கணக்கு

2011இல் வெளியான தொடராய்வில் திருமங்கலத்தில் நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகவும், தியாகராய நகர்ப் பகுதியில் 6.5லிருந்து 15.3 ஆகவும் உயர்ந்திருந்தது. ஒன்றில் 24 சதவீத உயர்வு, மற்றதில் 135 சதவீதம். பூங்கா உள்ள இடத்தில் நோய் மெதுவாக வளர்ந்தது என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

விகிதத்தைத் தள்ளிவைத்துப் புள்ளிகளில் பாருங்கள்: 3.0க்கு எதிராக 8.8. இடைவெளி இன்னும் பெரியதுதான், ஆனால் 24க்கும் 135க்கும் உள்ள தூரம் இல்லை. தொடக்க எண் சிறியதாக இருந்தால் விகிதம் எப்போதும் ஊதிக் காட்டும். தவிர, குறைந்த வருமானப் பகுதிகளில் அந்தப் பத்தாண்டுகளில் உணவு, வேலை, வண்டி வாகனம் எல்லாமே மாறின. நடுத்தர வர்க்கம் முன்பே கடந்துவிட்ட மாற்றத்தை அவர்கள் அப்போதுதான் கடந்தார்கள். இரு பிரிவும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன என்பதையே ஆய்வாளர்களும் தலைப்பில் வைத்தார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்திருந்தாலும், பூங்காவின் பலனைப் பொறுத்தவரை ஒப்பிடப்படுவது இரண்டே அலகுகள்: பூங்கா உள்ள குடியிருப்பு ஒன்று, இல்லாதது ஒன்று. உள்ளே எத்தனை பேரைச் சேர்த்தாலும் அந்த இரண்டு மூன்றாகாது. இரண்டு ஊர்களுக்கு இடையே வேறுபாடு தோன்ற நூறு காரணம் இருக்கலாம். பூங்கா அதில் ஒன்று.

வெளியூர்ச் சான்றுகள் இரண்டு

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 2005இல் தொடங்கிய "10,000 அடிகள்" திட்டத்தை ஆல்ஸ்ட் என்ற பக்கத்து ஊரோடு ஒப்பிட்டார்கள். இதுவும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டு ஊரிலும் முன்பே அளந்தார்கள், ஓராண்டு கழித்தும் அளந்தார்கள், வாய்ப்பதிலோடு அடி எண்ணும் கருவியையும் பயன்படுத்தினார்கள். கெண்ட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 896 அடிகள் கூடின. ஆல்ஸ்ட்டில் 135 குறைந்தன. நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தால் 896 என்பது ஒன்பது நிமிட நடை. திருமங்கலத்தின் 44.5 புள்ளிக்கு முன்னால் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நகரமே சராசரியாக ஒன்பது நிமிடம் கூடுதலாக நடந்தது என்பது பெரிய சாதனை. நேர்மையாக அளந்தால் ஊரளவுத் திட்டங்களின் பலன் இந்த அளவில்தான் வரும். இதைவிடப் பல மடங்கு வந்தால் முதலில் அளவுகோலைச் சோதிக்க வேண்டும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் 2002 முதல் பொது இடங்களில் பயிற்றுநர் வைத்து இலவச வகுப்பு நடக்கிறது. 2,046 பேரிடம் தொலைபேசியில் நடத்திய ஆய்வில், வகுப்புக்கு வருபவர்கள் ஓய்வு நேரத்தில் உடலியக்கத்தோடு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் வராதவர்களைப்போல் 11 மடங்குக்கு மேல் என்று வந்தது. இந்த எண் பார்க்கப் பிரமாதம், ஆனால் சுற்றி வந்து தன்னையே தொடுகிறது: வகுப்புக்கு வருவதே உடலியக்கம்தானே. நமக்கு அதைவிட மதிப்புள்ளது அதே ஆய்வின் இன்னொரு எண். முன்பு வந்து இப்போது நின்றுவிட்டவர்களுக்கும் அந்த விகிதம் சுமார் இரு மடங்கு இருந்தது. திட்டத்தை விட்ட பிறகும் பழக்கம் கொஞ்சம் தங்குகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

ஒரு வார்டுப் பூங்காவை இன்று மதிப்பிட்டால்

மாநகராட்சி எப்படியும் பத்துப் பூங்காவையும் ஒரே நாளில் திறக்காது. ஆறு மாதத்துக்கு மூன்று நான்கு என்றுதான் திறக்கும். எது முதலில், எது கடைசியில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தால் போதும், காத்திருக்கும் வார்டுகளே ஒப்பீட்டு வார்டுகளாகிவிடும். யாருக்கும் பூங்கா மறுக்கப்படாது. கவுன்சிலர்களிடம் விளக்குவதும் எளிது, குலுக்கலைவிட நியாயமான வரிசை அவர்களிடமும் கிடையாது. திறப்பு விழாத் தேதி வெளியாகும் முன்பே குலுக்கல் முடிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

எத்தனை பேரை அளப்பது? போதிய உடலியக்கம் உள்ளவர்கள் 30 சதவீதத்திலிருந்து 40 ஆவதைக் கண்டுபிடிக்க, வழக்கமான 5 சதவீதப் பிழை எல்லையும் (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீதத் திறனும் (இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்தால், பூங்கா உள்ள பக்கத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் தலா 353 பேர். ஆனால் ஒரே தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து நடப்பவர்கள். தெருவுக்கு 30 பேர், ஒற்றுமைக் குணகம் (ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருக்கும் அளவு) 0.02 என்று கொண்டால் 1.58ஆல் பெருக்க வேண்டும், 558 ஆகும். வீடு மாறிப் போகிறவர்கள் ஐந்தில் ஒருவர் என்று வைத்தால் 698. பல உள்ளூர் மதிப்பீடுகள் "200 பேரிடம் கேட்டோம்" என்று நிற்பது இங்கேதான். 200 பேரில் பலன் தெரியவில்லை என்றால் பலன் இல்லை என்று பொருளல்ல. தெரியும் அளவுக்குக் கேட்கவில்லை.

ஆட்களைப் பூங்கா வாசலில் பிடிக்கக் கூடாது. பூங்காவிலிருந்து நடந்துபோனால் 500 மீட்டருக்குள் வரும் தெருக்களில் வீடுகளைக் குலுக்கி எடுக்க வேண்டும். வீட்டில் யார் கதவைத் திறக்கிறாரோ அவரைக் கேட்டால், காலை 11 மணிக்கு ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் பட்டியலை நிரப்புவார்கள். "இந்த வீட்டில் அடுத்துப் பிறந்தநாள் வருவது யாருக்கு?" என்று கேட்டு அவரையே தேடிப் போக வேண்டும். மாலையிலும் ஞாயிறிலும் மூன்று முறையாவது போய்ப் பார்த்த பிறகுதான் "வீட்டில் இல்லை" என்று எழுதலாம்.

கேள்வித்தாளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 16 கேள்விப் படிவம் போதும். வேலை, போக்குவரத்து, ஓய்வு நேரம் என்று மூன்று பகுதி. மிதமான இயக்கத்தின் நிமிடங்களை 4ஆலும் கடுமையானதன் நிமிடங்களை 8ஆலும் பெருக்கி வாரக் கூட்டுத்தொகை 600ஐ எட்டுகிறதா என்று பார்ப்பது. நம் ஊரில் இது கெடுவது முதல் பகுதியில். "வேலையில் உடல் உழைப்பு உண்டா?" என்றவுடன் இல்லத்தரசி "நான் வேலைக்குப் போகவில்லை" என்பார், களப்பணியாளர் பூஜ்யம் போட்டுவிடுவார். துணி துவைப்பது, குடத்தில் தண்ணீர் தூக்குவது, மாவாட்டுவது எல்லாம் அந்தப் பகுதியில்தான் வர வேண்டும். படம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, வீட்டு வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயிற்சி வகுப்பில் அரை நாள் இதற்கே ஒதுக்கினாலும் தகும். போக்குவரத்துப் பகுதியையும் தாண்டிவிடக் கூடாது. முன்பு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனவர் இப்போது ஸ்கூட்டரில் பூங்காவுக்கு வந்து நடந்தால், ஓய்வு நேர நடை கூடும், மொத்தம் அப்படியே இருக்கும். எந்த ஒரு வகையிலாவது ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்கு மேல் எழுதியிருந்தால் அந்தப் படிவத்தையே கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடி எண்ணும் கருவியை ஐந்தில் ஒருவருக்காவது ஏழு நாள் கட்டலாம். நாளுக்குப் பத்து மணி நேரம், விடுமுறை நாள் ஒன்று உட்பட நான்கு நாளாவது கட்டியிருந்தால்தான் செல்லும். இடுப்பில் செருகும் வகைக்கு உறுதியான பட்டை வேண்டும். புடவைக் கொசுவத்தில் செருகினால் கருவி சாய்ந்து எண்ணிக்கை குறையும், நடுவில் கழன்றும் விழும். பெண்களின் அடிகள் குறைவு என்ற முடிவு சில சமயம் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு விரல் அகல எலாஸ்டிக் பட்டையில் கோத்து, பாவாடை நாடாவுக்கு மேலே, இடுப்பெலும்பின் மீது இறுக்கமாக நிற்கும்படி கட்டிவிட வேண்டும். இருபது அடி நடக்கச் சொல்லி எண்ணிப் பார்த்து, 19க்கும் 21க்கும் இடையே காட்டினால் அனுப்பலாம். மெதுவாக நடக்கும் முதியவர்களின் அடிகளை மலிவான கருவிகள் தவறவிடும். சைக்கிளும் தலைச்சுமையும் எதிலும் சரியாகப் பதியாது.

பூங்காவுக்குள் எண்ணுவது தனிக் கலை. வாசலில் நின்று எண்ணினால் பால் வாங்கக் குறுக்கே போகிறவரும் சேர்ந்துகொள்வார். 300 மீட்டர் பாதையில் ஒரே ஆள் பத்துச் சுற்று வருவார்; கோடு போட்டு எண்ணினால் பத்துப் பேர். சரியான முறை, பூங்காவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் இடமிருந்து வலமாக ஒரே பார்வையில் வருடி, அந்த நொடியில் உட்கார்ந்திருப்பவர், நடப்பவர், வேகமாக இயங்குபவர் என்று மூன்றாக எண்ணுவது. பெண்களுக்கு ஒரு வருடல், ஆண்களுக்கு ஒன்று. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நான்கு முறை. வெளிநாட்டுக் கையேட்டில் காலை முதல் பார்வை 7.30க்கு இருக்கும், சென்னையில் அதற்குள் வெயில் ஏறிப் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். 5.30க்குத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பத்தில் எட்டுத் தடவையாவது ஒத்துப்போகும்வரை பயிற்சி தொடர வேண்டும்.

பருவத்தை மறந்தால் இத்தனையும் வீண். நவம்பர் மழையில் முன்னளவு எடுத்து, பிப்ரவரியில் பின்னளவு எடுத்தால், பூங்காவே இல்லாமல் நடை கூடியிருக்கும். கத்திரி வெயிலில் எடுத்தாலும் இதே கதை. முன்னளவும் பின்னளவும், ஆண்டு வேறானாலும் ஒரே மாதத்தில், பொங்கலுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையே இருப்பது வசதி.

எட்டு கிலோமீட்டர் பாதைகளுக்கு

தமிழ்நாடு அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காட்டப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு மருத்துவ முகாமும் உண்டு. அன்றைய கூட்டத்தை வைத்துச் சராசரி போடுவது தவறு. முகாம் நாளைத் தனியாகவும் மற்ற நாள்களைத் தனியாகவும் பதிய வேண்டும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 8 கி.மீ. நடக்க ஒரு மணி 36 நிமிடம் ஆகும். இதுவரை நடக்காதவரால் முதல் நாளே முடியாது. அதனால் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண், ஏற்கெனவே நடப்பவர்களின் எண்ணிக்கையையே காட்டும். இந்தியாவில் 14,227 பேரை அளந்த ஆய்வில் 54.4 சதவீதம் பேர் போதிய இயக்கம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. திட்டம் தேட வேண்டியது அவர்களை. பாதையில் நிற்பவர்களிடம் மூன்று கேள்வி போதும்: மூன்று மாதத்துக்கு முன் வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள், இங்கே எப்படி வந்தீர்கள், எந்தத் தெரு. முதல் கேள்விக்கு "நடக்கவே இல்லை" என்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் தலைப்பு எண்ணாக வர வேண்டும்.

செலவுக் கணக்கும் இதைச் சார்ந்ததே. எடுத்துக்காட்டாக, ஒரு பூங்காவின் கட்டுமானம் 40 லட்சத்தைப் பத்தாண்டுக்குப் பகிர்ந்து, பராமரிப்பு ஆண்டுக்கு 6 லட்சம் சேர்த்தால் ஆண்டுச் செலவு 10 லட்சம். வருகிற 1,500 பேரால் வகுத்தால் ஆளுக்கு 667 ரூபாய். ஆனால் 8,000 பெரியவர்கள் உள்ள வார்டில், ஒப்பீட்டு வார்டைக் கழித்த பின் நிகர உயர்வு 6 புள்ளி என்றால், புதிதாக இயங்கத் தொடங்கியவர்கள் 480 பேர். ஆளுக்கு 2,083 ரூபாய். முதல் எண் அழகு, இரண்டாவது எண்தான் உண்மை. 2,083 ரூபாய்க்கு ஒருவரை ஓராண்டு நடக்க வைக்க முடிந்தால் அதுவே நல்ல முதலீடு. அதை மறைத்து 667ஐக் காட்டத் தேவையே இல்லை.

இதோடு ஒரு பதிவேடும் வேண்டும். கதவு திறந்த நேரம், எரிந்த விளக்குகள், கழிப்பறை திறந்திருந்ததா, தண்ணீர் தேங்கியதா, நாய்கள் தொல்லை, பயிற்றுநர் வந்த நாள்கள் என்று காவலரோ நடப்போர் சங்கமோ தினமும் ஒரு வரி எழுதினால் போதும். பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் திட்டம் தவறா, நடத்திய விதம் தவறா என்று பிரித்துச் சொல்ல வேறு வழி கிடையாது. மாலை 6.30க்குப் பிறகு பெண்கள் எண்ணிக்கை சட்டென்று விழுந்திருந்தால், கருத்துக்கணிப்பு நடத்தும் முன் அந்த வாரத்து விளக்குப் பத்தியைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.